மானுக்கு ஒரு பங்கு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

'இல்லறத்தாரும் அகிம்சையும்' என்ற தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்தார்கள். பெரிய தலைப்பு. நூல் கற்ற பண்டிதர்கள் இந்த மேடையில் அதைப் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். நான் பண்டிதன் அல்லன். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை நிலத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளி ஆசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் என் வீட்டில் நடந்த ஒன்றையும், அண்மையில் என் பேரன் கேட்ட ஒரு கேள்வியையும் மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். அறுபது ஆண்டுகளாக நான் வெளியே சொல்லாத செய்தி அது. பேரன் கேட்ட பிறகு இனியும் மறைப்பது முறையன்று என்று தோன்றியது.

பேரன் அமெரிக்காவில் பணிபுரிகிறான். இரவில் உண்ணாதவன், புலால் தொடாதவன். அவனுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்பவராம். "சும்மா உடன் வந்து பார்" என்று இவனையும் அழைத்திருக்கிறார். அந்நாட்டின் பல மாநிலங்களில் குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிக்கென்றே தனியான வேட்டைப் பருவம் உண்டு. சில மாநிலங்களில் அவ்வகைக் கைத்துப்பாக்கிக்கும் அனுமதி உண்டு.

பேரன் தொலைபேசியில் சொன்னான்: "தாத்தா, அவர் கெட்டவர் அல்லர். ஒரே ஒரு குண்டுதான் போட முடியும். மிக அருகில் போக வேண்டும். தப்பினால் மான் ஓடிவிடும். மானுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கும் நேர்மையான வேட்டை அது என்கிறார். ஓநாய்கள் அழிந்துபோன இடங்களில் மான் பெருகிப் பயிரையும் காட்டையும் அழிக்கிறதாம். நான் சுடப்போவதில்லை, உடன் நிற்கத்தான் போகிறேன். இதில் என்ன பாவம்?"

நான் உடனே விடை சொல்லவில்லை. "நாளைக்குப் பேசுகிறேன், ராஜா" என்று வைத்துவிட்டேன். ஏனென்றால் அவன் சொன்ன அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

பெரியோர்களே! நம் பக்கத்து மானைப் பற்றி முதலில் இரண்டு சொல் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் மானைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். முத்துப்பேட்டையிலே பாமணியாறும் கோரையாறும் பிற கிளையாறுகளும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலோடு கலக்கின்றன. அங்கிருந்து கிழக்கே சென்றால் தில்லை மரமும் கண்டலும் அடர்ந்த சதுப்பு, அதன்பின் வேதாரண்யத்து உப்பளம், முடிவில் கோடியக்கரைக் காடு. அந்தக் காட்டின் புல்வெளியில் வாழ்வது வெளிமான். திருகிய கொம்புடைமையால் திருகுமான் என்றும் சொல்வர். ஆண்மானின் முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, கொம்பு வளையம் வளையமாய் முறுக்கியிருக்கும். பெண்மானுக்குப் பெரும்பாலும் கொம்பு இராது. நிறம் வெளிர் பழுப்பு. புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்போ விழுவதில்லை. அதனால் உயிரியல் அறிஞர் இதை மானினத்தோடு சேர்க்காமல் மாட்டுக் குடும்பத்தில் வைக்கின்றனர்.

நம் முன்னோர் இதனைப் புல்வாய் என்றனர். தொல்காப்பிய மரபியல், புல்வாய்க்கு ஆண்பாற் பெயராக இரலை, கலை என்பவற்றைக் கூறுகிறது. பெண்ணுக்குப் பிணை என்று பெயர். முல்லைத் திணைப் பாடல்களில் தலைவன் வீடு திரும்பும் வழியிலே இரலையும் பிணையும் சேர்ந்து நிற்கும் காட்சி எத்தனை முறை வருகிறது! அன்புக்கு அடையாளமாகத் தமிழ்ப் புலவர் கண்ட உயிர் அது. நமக்கோ அது அதனினும் மேலானது. பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதருக்கு இலாஞ்சனம் மான். அமைதியின் பெயர் தாங்கிய பெருமானின் பீடத்தில் மான் உருவத்தைக் காண்கிறோம். நாள்தோறும் அந்தப் பீடத்தின் முன் நின்று கை கூப்புகிறோம்.

அந்த மான் எங்கள் கடலைக் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் வந்து மேய்ந்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் தந்தையாருக்கு வேதாரண்யம் செல்லும் வழியில், காட்டை ஒட்டிச் சில ஏக்கர் நிலம். காட்டுப்பன்றியும் மானும் நரியும் வரும். 1960-களின் நடுவில், பயிர்க் காவலுக்கென்று ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு அவர் உரிமம் வாங்கினார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே அதற்கு இடம் தந்தது. குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால் உரிமம் தரலாம் என்பது அதன் 13-ஆம் பிரிவில் உள்ளது. தவறாக எதுவும் செய்யவில்லை என்ற தெளிவோடுதான் அவர் அதை வாங்கினார்.

அந்தக் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க வேண்டும். என் பேரனின் கேள்விக்கு விடையில் ஒரு பாதி அதிலேயே இருக்கிறது. வெடியுப்பு முக்கால் பங்கு, மிகுதியில் கரி சற்றுக் கூடுதலாகவும் கந்தகம் சற்றுக் குறைவாகவும் சேர்த்த கரிமருந்து. அதை அளந்து குழலின் வாய்வழியே கொட்டுவார்கள். அதன்மேல் நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். அதற்கும் மேல் ஈய உருண்டையோ ரவையோ இட்டு மீண்டும் அடைப்பார்கள். குழலின் அடியிலுள்ள சிறு துளையின்மேல் கேப் ஒன்றைச் செருகிக் குதிரையை இழுத்து விட்டால், அந்தப் பொறி உள்ளே சென்று மருந்தைப் பற்றவைக்கும். ஒரு முறை சுட்டால் கண்ணை மறைக்கும் வெண்புகை. மறுபடி கெட்டிக்கக் கைதேர்ந்தவனுக்கும் அரை நிமிடமாவது வேண்டும்; இருட்டில் அதற்கும் மேல் ஆகும்.

வெளிமான் ஓடினால் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை வேகம் கொள்ளும். உருண்டைக் குண்டோ காற்றில் விரைவாகத் தன் விசையை இழக்கும். குழல் குட்டையாக இருந்தால், அதாவது கைத்துப்பாக்கியாக இருந்தால், மருந்து முழுவதும் எரிந்து விசையாவதற்கு முன்பே குண்டு வெளியேறிவிடும். ஆகையால் விசை இன்னும் குறைவு. மருந்தில் ஈரம் ஏறினாலும் அதே கதி. நம் கடலோரத்தில் ஈரம் ஏறாத இரவு ஏது? ஆக, ஒரே குண்டு என்பதன் பொருள் என்ன? சரியாகப் பட்டால் மான் சாகும். முற்றிலும் தவறினால் பிழைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. பட்டும் சாகாமல் ஓடும். மீண்டும் சுட்டு அதன் துன்பத்தை முடிக்கவும் இரண்டாவது குண்டு இராது. 'மானுக்கு ஒரு வாய்ப்பு' என்று சொல்பவர் இந்த மூன்றாவதை எண்ணுவதில்லை.

எங்கள் கொல்லையில் நடந்தது அந்த மூன்றாவதுதான்.

தை மாதம். நான் எட்டாம் வகுப்பு மாணவன். காவல்காரர் இரவில் பரண்மேல் இருந்தார். துப்பாக்கி அவர் கையில். தந்தையார் தம் கையால் அதை ஒருநாளும் சுட்டதில்லை. "சத்தம் கேட்டால் போதும், ஓடிவிடும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் கொடுத்தபோது மருந்தோடு ரவையும் சேர்த்தே கொடுத்தார். விடியற்காலையில் காவல்காரர் வந்து, "ஐயா, ஒரு மானுக்குப் பட்டுவிட்டது, விழவில்லை, ஓடிவிட்டது" என்றார்.

தந்தையாருடன் நானும் போனேன். களர் மண்ணில் குளம்புச் சுவடும் குருதியும் தொடர்ந்து தெரிந்தன. அரை மைல் தொலைவில் வாய்க்காலின் கரையோரம் அந்தப் பிணைமான் படுத்திருந்தது. பின்தொடையும் அடிவயிறும் சிதைந்திருந்தன. எங்களைக் கண்டு எழ முயன்றது. முன்கால்கள் மட்டும் எழுந்தன. மடி பால் கட்டியிருந்தது. வெளிமான் ஒரே குட்டி ஈனும். ஈன்ற சில நாள்களுக்குக் குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டு மேயப் போகும். குட்டியும் தாய் வந்து அழைக்கும் வரையில் அசையாமல் கிடக்கும். அந்தக் குட்டியை மூன்று நாள் தேடினோம், கிடைக்கவில்லை. தாய்மான் அன்று நண்பகல் வரையில் உயிரோடிருந்தது. தந்தையார் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயருகே வைத்தார். அது குடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் தந்தையார் காவல்காரரைக் கடிந்துகொண்டார். "சத்தம் காட்டத்தானே சொன்னேன்? ஏன் குறி வைத்தாய்?" என்றார். அவர் தலை குனிந்து நின்றார். அப்போது திண்ணையில் இருந்த என் பாட்டி வாய் திறந்தார். ஏட்டுக் கல்வி மிகுதியாகப் பெற்றவர் அல்லர். ஆனால் அருங்கலச் செப்பை நாள்தோறும் ஓதுபவர். "அவனை ஏன் தம்பி வைகிறாய்? அவனிடம் கொடுத்தது யார்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு நடையில் ஒரு காட்சி உண்டு. தண்ணீர் வடிகட்டும் துணியைத் துவைத்து ஒரு கொடியில் உலர்த்துவோம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் சாகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் குலம் அல்லவா நாம்! அதே சுவரில், அந்தத் துணிக்கு இரண்டு முழம் தள்ளி, ஆணியில் துப்பாக்கி தொங்கியது. அன்றுவரை அந்த இரண்டும் ஒரே சுவரில் இருப்பதை நாங்கள் எவரும் கவனிக்கவில்லை.

சிராவகப் பெருமக்களே! பாட்டி கேட்ட கேள்விக்குப் பின்னே நம் ஆகமத்தின் தெளிவான கட்டளை இருக்கிறது. இல்லறத்தானுக்கு ஐந்து அணுவிரதம், மூன்று குணவிரதம், நான்கு சிட்சாவிரதம் எனப் பன்னிரண்டு விரதங்கள். குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதி. பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விடுதல் என்பது அதன் பொருள். அச்செயல்களை ஐந்தாகப் பகுத்தார் சமந்தபத்திராசாரியார்: பாவம் செய்யும்படி உபதேசித்தல், கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல், தீய சிந்தனை, தீயவற்றைக் கேட்டல், கவனமின்றி நடத்தல். இவற்றுள் இரண்டாவதற்கு இம்சாதானம் என்று பெயர். அன்னதானம், கல்வித்தானம், மருந்துத்தானம், அபயதானம் என்று நால்வகைத் தானம் செய்யும் நாம், அறியாமலே ஐந்தாவதாக இந்தத் தானத்தையும் செய்துவிடுகிறோம்.

இம்சையையும் நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பிரித்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடே செய்வது சங்கற்ப இம்சை. சமையல், வீடு துப்புரவு ஆகியவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. பின் மூன்றையும் இல்லறத்தான் முற்றிலும் விட இயலாது. குறைக்க மட்டுமே இயலும். முதலாவதை அவன் முழுமையாக விட்டே தீர வேண்டும். வேட்டை அந்த முதலாவதைச் சார்ந்தது. அதனாலேயே சூது, புலால், கள், வேசை, களவு, பிறன்மனை விழைதல் ஆகியவற்றோடு வேட்டையையும் சேர்த்து ஏழு வியசனங்கள் என்றனர். வியசனம் என்றால் விடாது பற்றிக்கொள்ளும் கேடு. பசிக்காக ஒருவன் செய்வது வேறு. அதிலே இன்பம் கண்டு மீண்டும் மீண்டும் நாடுவது வேறு. இன்பம் காணும் அந்த மனத்தைத்தான் முன்னோர் கேடு என்றனர்.

தந்தையார் அன்றிரவு பாட்டியிடம் வாதாடினார்: "அம்மா, பயிரைக் காப்பது விரோத இம்சைதானே? அது இல்லறத்தானுக்கு விலக்கில்லையே?" நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி சொன்னார்: "காப்பதற்கு என்றால் முதலில் வேலி கட்டியிருப்பாய். நீ வேலி கட்டினாயா?" தந்தையார் விடை சொல்லவில்லை. வேலி கட்டச் செலவு அதிகம். துப்பாக்கிக்குச் செலவு குறைவு. உண்மை அதுதான். வேறு வழிகள் அனைத்தையும் முயன்று, எதுவும் இல்லாத இடத்தில் நேர்வதே விரோத இம்சை. எளிதாக இருக்கிறது என்பதற்காக முதலிலேயே கையில் எடுத்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மறுவாரமே அவர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து உரிமத்தையும் விட்டுவிட்டார். காவல்காரரை விலக்கவில்லை. அவரிடம், "பிழை என்னுடையது" என்று நேரில் சொன்னார். நிலம் உடையவர் தம்மிடம் வேலை செய்பவரிடம் அப்படிச் சொல்வது அக்காலத்தில் எளிய செயல் அன்று. இருவரும் சேர்ந்து காட்டுப்பக்கம் முள்வேலி அடைத்தார்கள். இரவில் தகரம் தட்டினார்கள். வரப்பு மூலைகளில் தீ மூட்டினார்கள். அத்தனை செய்தும் ஆண்டுதோறும் ஓரப் பயிரில் கொஞ்சம் போனது. தந்தையார் முகம் சுளித்தால், "அது மானுக்கு ஒரு பங்கு" என்பார் பாட்டி. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு ஒரு பங்கு, தொழிலாளிக்கு ஒரு பங்கு என்று ஒதுக்குவது போல, மான் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது என்று எண்ணப் பழகினோம். நட்டம் நட்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த நட்டம் எங்களுக்கு வலித்தது. ஆனால் மடி கட்டிய மானின் முகம் அதைவிட வலித்தது.

மனத்தால் செய்வதும் வினையே என்பதை யசோதர காவியம் நமக்கு உரைக்கிறது. உயிருள்ள கோழியைக் கொல்ல மனமின்றி, மாவினால் செய்த கோழியை அரசன் பலியிடுகிறான். மாவுக்கு உயிரில்லை, ஆனால் பலியிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு உயிர் இருந்தது. அதன் பயனாக அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகளில் உழன்ற துன்பமே அந்தக் காவியம். கணினித் திரையில் மானைச் சுட்டுப் புள்ளி சேர்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும். அடித்துத் தடுக்க வேண்டா. பக்கத்தில் அமர்ந்து இந்தக் கதையைச் சொன்னால் போதும்.

நேமிநாதர் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. மணக்கோலத்தில் ஊர்வலம் வந்தவர், விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் அலறலைக் கேட்டார். அவற்றை அடைத்தவர் அவர் அல்லர். கொல்லப்போகிறவரும் அவர் அல்லர். 'என் பொருட்டு' என்ற ஒரே எண்ணம் போதுமானதாக இருந்தது. தேரைத் திருப்பினார், துறவு பூண்டார். திருமலையில் பாறையிலே ஓங்கி நிற்கும் அவர் திருவுருவத்தைத் தரிசிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் கேள்வி நினைவுக்கு வரும். கொடுத்தது யார்? யார் பொருட்டு?

வேட்டையை வீரம் என்று போற்றிய அரசர்களும் மனம் மாறியதுண்டு. 1583-இல் ஹீரவிஜய சூரி என்னும் சமண முனிவர், குஜராத்திலிருந்து கால்நடையாகவே பதேபூர் சிக்ரி சென்று பேரரசர் அக்பரைக் கண்டார். அக்பரோ வேட்டைப் பிரியர். சங்கிராம் என்று தம் துப்பாக்கிக்குப் பெயர் சூட்டியவர். அதுவும் குழல்வாயில் மருந்திட்டுத் திரியால் சுடும் வகைதான். முனிவரின் அறவுரை கேட்டுப் பரியூஷண நாள்களில் உயிர்க்கொலையைத் தடுத்து அவர் ஆணை பிறப்பித்தார்.

அவர் மகன் ஜஹாங்கீர் தம் வேட்டைக்குக் கணக்கே எழுதி வைத்தவர். பன்னிரண்டு வயது முதல் ஏறத்தாழ ஐம்பது வயது வரையில் தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532; அவற்றுள் தம் கையால் கொன்றவை 17,167 என்பது அவருடைய நினைவுக்குறிப்பு. அதே ஜஹாங்கீர் தாம் வளர்த்த வெளிமான் ஒன்று இறந்தபோது வருந்தி, லாகூருக்கு அருகே அதற்குக் கல்லறையும் கோபுரமும் எழுப்பி, அவ்வெளியில் மான் வேட்டையைத் தடை செய்தார். இன்றும் அது ஹிரண் மினார் என்ற பெயரோடு நிற்கிறது. பெயர் சூட்டி வளர்த்த ஒரு மானிடம் எழுந்த இரக்கம், பெயரில்லாத பல்லாயிரத்திடம் எழவில்லை. பின்னர் ஐம்பதாம் வயதில், துப்பாக்கி கொண்டு எவ்வுயிரையும் தம் கையால் துன்புறுத்துவதில்லை என்ற நோன்பையும் மேற்கொண்டார். பேரரசன் ஆனாலும் அந்த இடத்துக்கு வந்து சேர அவருக்கு ஐம்பது ஆண்டு தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கோ அது தாய்ப்பாலோடு கிடைக்கிறது. கிடைத்ததன் அருமையை அவர்கள் அறிய வேண்டும்.

நாட்டின் சட்டமும் பிற்காலத்தில் அறத்தின் பக்கம் நெருங்கி வந்தது. 1967-இல் வெளிமானைக் காக்கவென்றே கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் பொருளைப் பாருங்கள்: கொல்லுதல் மட்டுமன்று, கண்ணி வைத்தல், துரத்துதல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்துமே வேட்டைதான். முயற்சியும் குற்றம் என்று சட்டம் இருபதாம் நூற்றாண்டில் சொன்னதை, எண்ணமே வினை என்று நம் ஆசாரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டனர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நாட்டுத் துப்பாக்கி என்றதும் நம்மில் சிலர் நரிக்குறவ மக்களைச் சுட்டிப் பேசுகிறோம். பிறந்த குலத்தின் தொழிலாக, வயிற்றுக்காக அதை ஏந்தியவர்கள் அவர்கள். இன்று அவர்களுள் பலர் பாசிமணியும் ஊசியும் விற்றுப் பிழைக்கிறார்கள். 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வேறு பிழைப்பும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைக்கச் செய்வதே அவர்களுக்கு நாம் காட்டும் அகிம்சை. பழிச்சொல்லும் ஒரு வகை இம்சைதான். எங்கள் வீட்டில் துப்பாக்கி வாங்கியவர் வறியவர் அல்லர். விரதம் ஏற்ற சிராவகர்.

துப்பாக்கி போய்விட்டது, மான் பிழைத்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் முழுமையாக இல்லை. புல்வெளியைச் சீமைக் கருவேலம் விழுங்குகிறது. புல்லையே நம்பி வாழும் விலங்குக்கு முள்மரம் உணவாகுமா? நாய்கள் குட்டிகளைப் பிடிக்கின்றன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது நம் தென்னையும் வீடும் வீழ்ந்ததோடு, அலையாத்திக் காடும் ஒடிந்தது, மான்களும் மாண்டன. கோடியக்கரைக்குச் சுற்றுலா செல்வோர் விட்டெறியும் பிளாஸ்டிக் பையும் தீங்கு. தெரிந்தே எறிந்தால் அது அனர்த்த தண்டத்தின் ஐந்தாவது வகை: கவனமின்றி நடத்தல்.

ஆகையால் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, மன்னார்குடி மல்லிநாதரையும் தீபங்குடி ஆதிநாதரையும் தரிசிக்கப் பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்கள், இன்னும் சில மணி நேரம் ஒதுக்கிக் கோடியக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். சாந்திநாதரின் இலாஞ்சனத்தை உயிரோடு காட்டுங்கள். குப்பை போடாமல் திரும்புங்கள். இரண்டாவது, நிலம் வைத்திருப்போர் மின்வேலி, வெடிகாய், கண்ணி ஆகியவற்றுக்கு இடம் கொடாதீர்கள். குத்தகைக்கு விட்டிருந்தாலும் அதைப் பேச்சில் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். 'நான் வைக்கவில்லை, குத்தகைக்காரர் வைத்தார்' என்ற சொல், என் தந்தையார் சொன்ன சொல்தான். மூன்றாவது, விலங்கால் பயிரிழந்த ஏழை உழவர் நம் ஊரில் இருந்தால், அவருக்கு வேலியடைக்க உதவுங்கள். அபயதானம் என்பது மானுக்குச் செய்வது போலத் தோன்றினாலும், பல நேரங்களில் அதை உழவர் கையில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கடற்கரைக்கு ஒரு பெருமை உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள், வேதாரண்யத்தில் கையில் ஒரு தடியும் இன்றி உப்பெடுத்தார்கள், அடியையும் தாங்கினார்கள். துப்பாக்கியை எதிர்த்துத் துப்பாக்கி எடுக்காத மண் இது. அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அகிம்சை புதிய பாடம் அன்று.

இனி பேரனுக்குச் சொன்ன விடை. மறுநாள் அவனிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு சொன்னேன்: "அந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதை அவர் செய்கிறார். அவரை நீ இகழாதே, நட்பை விடாதே. மான் பெருகிவிட்டது என்கிறார்கள். ஓநாயை அழித்தவரும் மனிதரே. அதன் விலையை மான் கொடுக்கிறது. அந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு அந்நாட்டு வனத்துறைக்கு இருக்கலாம். அதைக் கண்டு களிக்கும் வேலை உனக்கு இல்லை. சுடுவதைச் செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூன்றையும் நம் நூல்கள் ஒரே வரிசையில் வைக்கின்றன. உடன் நிற்பது மூன்றாவது. ஒரே குண்டு என்று அவர் சொல்கிறார். உன் கொள்ளுத்தாத்தா வீட்டிலும் ஒரே குண்டுதான் வெடித்தது. அதை நான் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பின்பு, "அந்தக் குட்டி கிடைக்கவே இல்லையா, தாத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவனிடமிருந்து வந்ததும் என் மனம் நிறைந்தது. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டுத் தொடங்கியவன் குட்டியைப் பற்றிக் கேட்டு முடித்தான். அவன் போகவில்லை. நண்பரிடம் காரணத்தையும் மரியாதையோடு சொல்லியிருக்கிறான். அவர் சிரிக்கவில்லையாம்; "உன் பாட்டியாரைப் பற்றி இன்னும் சொல்" என்றாராம்.

பெரியோர்களே! அறத்தை நாம் நூலிலிருந்தும் கற்கிறோம். நம் வீட்டார் செய்த பிழையிலிருந்தும் கற்கிறோம். பிழையை மறைத்தால் அடுத்த தலைமுறை அதையே மீண்டும் செய்யும். சொன்னால் அங்கேயே நிற்கும். ஆகையால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். பகவான் மகாவீரர் பிறந்த இந்த நன்னாளில், நம் சுவரில் தண்ணீர் வடிகட்டும் துணி ஒன்று மட்டுமே தொங்கட்டும்.



எல்லா உயிரும் இன்புறுக! ஜின தருமம் ஓங்குக! ஜெய் ஜினேந்திரா.